ஒரே காரைக் கழற்றிப் பூட்டிய மாதங்கள்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதுதான். நெருக்கடி வந்த வருடம் அது மாறிவிட்டது. நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்.

"நாளைக்கு வேலை இருக்கா?"

"இருக்கும்மா."

"காரு செய்றீங்கதானே?"

"செய்றோம்மா."

அது பொய் இல்லை. செய்துகொண்டுதான் இருந்தோம். நேற்றுச் செய்த அதே காரைத்தான் இன்றைக்கும் செய்தோம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

எங்கள் தொழிற்சாலை கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காரின் பாகங்கள் மரப் பெட்டிகளில் வரும். அவற்றோடு இங்கே செய்த சில பாகங்களையும் சேர்த்துப் பூட்டி முழுக் காராக்கி வெளியே அனுப்புவோம். சின்னக் கார்தான். ஆனாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிய ஒருவரின் மகன் கார் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறான் என்பது பெரிய பேச்சாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரை போனது நான்தான் முதல் ஆள். அதற்குப் பிறகு தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்துவிட்டுத் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். ஒரு போல்ட்டை இறுக்கி முடித்தால் அது போதுமான அளவு இறுகியிருக்கிறதா என்று நான் அளந்து பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பேன். மஞ்சள் புள்ளி வைத்த போல்ட்டை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. அதுதான் சட்டம்.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கப்பலில் பெட்டி வர வேண்டுமென்றால் வங்கி டொலருக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும். மருந்துக்கே கொடுக்க முடியாத வங்கி கார்ப் பெட்டிக்கா கொடுக்கும்? பெட்டிகள் வருவது நின்றுவிட்டது. கடைசியாக வந்த தொகுதியில் ஒரு காருக்கான சாமான்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அதிலும் ஒரு பெட்டி குறைந்தது. எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி அதற்குள்தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு கார். அதையும் ஓட்ட முடியாது.

கம்பனி அடிப்படைச் சம்பளம் மட்டும் தந்தது. நாங்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். நாலாவது நாள், வயர் பூட்டும் மேசையில் வேலை செய்யும் அக்கா எழுந்தார். மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கை வேகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"சும்மா குந்திக்கிட்டு இருந்தா கையி மறந்துபோயிரும். நான் அந்தக் கார பூட்டப் போறேன். வர்றவங்க வாங்க."

லைனுக்குப் பொறுப்பாக இருந்த அண்ணன் சிரித்தார். "பூட்டிட்டு என்னா செய்வ?"

"நாளைக்குக் கழட்டுவேன்."

அப்படித்தான் தொடங்கியது. ஒரு நாள் பூட்டுவோம், மறுநாள் கழற்றுவோம். அண்ணன் அந்தக் காருக்கு 'மாமியா' என்று பேர் வைத்தார். மாமியார் மாதிரி, எவ்வளவு செய்தாலும் ஒரு சத்தம்கூடத் திருப்பித் தராதாம். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அதன் ஒவ்வொரு ஆணியும் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் போல்ட் எந்தத் துளைக்கு என்று பந்தயம் பிடித்தார்கள். நான் மட்டும் ஒவ்வொரு போல்ட்டாக அளந்து பார்த்துவிட்டுச் சும்மா நின்றேன். நாளைக்குக் கழற்றப்போகிற போல்ட்டுக்கு மஞ்சள் புள்ளி எப்படி வைப்பது? பெயிண்ட் டப்பாவில் மேலே ஆடை படிந்து இறுகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் தடுமாறுகிற வாகனத் தொழிற்சாலைகளைத் தாங்கிப் பிடிக்கப் போகிறது என்று செய்தி வந்தது. அரச வங்கி டொலருக்கு உத்தரவாதம் தரும், பெட்டிகளுக்கான வரியைக் கொஞ்ச காலம் விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் இல்லை. காரில் குறித்த அளவு பாகங்கள் இந்த நாட்டிலேயே செய்தவையாக இருக்க வேண்டும். வெறுமனே பெட்டியைத் திறந்து பூட்டுகிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. கொழும்பிலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லும்.

எங்கள் முகாமையாளர் சிங்களவர். கூச்ச சுபாவம் உள்ள, நல்ல மனிதர். என்னைத் தம்பி என்பதற்குச் சிங்களத்தில் 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார். கடிதம் வந்த அன்று என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மல்லி, மறைக்காமல் சொல்கிறேன். இந்தச் சலுகை கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு கேட்டை மூடச் சொல்லிவிட்டார்கள். ஆட்களிடம் இப்போதைக்குச் சொல்லாதே. பைலை நீ தயார் செய். இடத்தையும் கொஞ்சம் பார்க்கிற மாதிரி வை."

பைலை நான் ஒழுங்காகத்தான் தயார் செய்தேன். உள்நாட்டில் செய்த ஒவ்வொரு பாகத்துக்கும் பில்லை ஒட்டி, இலக்கம் போட்டு, மூன்று மொழியிலும் தலைப்பு எழுதினேன். பிழை விட்டது இடத்தைப் பார்க்கிற மாதிரி வைப்பதில்.

தோட்டத்தில் மேலதிகாரியான பெரிய துரை வருகிற நாளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒரு வாரத்துக்கு முன்பே சாக்கடைக் கான்களைத் துப்புரவு செய்வார்கள். வரிசை வீடுகளான லயத்தின் முன்பக்கச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். ரோட்டோரக் கல் ஒவ்வொன்றும் வெள்ளையாகிவிடும். கிழிந்த கூரைத் தகரம் துரையின் கண்ணில் படாத மாதிரி வாழை மரம் கட்டுவார்கள். வருகிறவர் வடுவைப் பார்க்கக்கூடாது. எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் அப்படி வளர்ந்தவர்கள். நானும் அப்படித்தான். 'கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்' என்று சொன்னதும் யாரும் யாருக்கும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. மறுநாளே கேட்டிலிருந்து உள்ளே வரும் பாதையின் கல்லெல்லாம் வெள்ளை.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் சைலன்சரும் சீட்டுச் சட்டமும் பக்கத்து ஊரான திகனயில், நாங்கள் நாநா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவரின் பட்டறையில் செய்தவை. நல்ல வேலை. ஆனால் ஒவ்வொன்றிலும் பட்டறையின் பேரையும் 'திகன' என்று ஊர்ப்பேரையும் தகர அச்சு வைத்து வெள்ளைப் பெயிண்டால் அடித்திருப்பார். ஒன்றாவது நேராக இருக்காது. மாமியாவைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கோணல் எழுத்து என் கண்ணை உறுத்தியது. பெயிண்டைக் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டுக் கறுப்புப் பெயிண்ட் இரண்டு கை அடிக்கச் சொன்னேன். பேர் பதித்த உள்ளூர் ரப்பர் விரிப்பைக் கவிழ்த்துப் போடச் சொன்னேன். பெட்டரியின் ஸ்டிக்கரை நானே உரித்தேன்.

அக்கா கேட்டார். "ஏன் தம்பி, நாநா பேரு இருந்தா என்னா?"

"கோணலா இருக்குக்கா. பட்டற வேலன்னு நெனைப்பாங்க."

"பட்டற வேலதானே?"

"அது நமக்குத் தெரிஞ்சா போதும்."

அக்கா தின்னரை எடுத்தார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடும்.

குழுவில் மூன்று பேர். இரண்டு அதிகாரிகள், தலைவியாக ஓர் எஞ்சினியர் அம்மையார். யாழ்ப்பாணத்துக்காரர். காற்சட்டையும் தடித்த சப்பாத்துமாக இறங்கி, முதலில் பாதையைத்தான் பார்த்தார்.

"கல்லுக்கெல்லாம் ஏன் தம்பி வெள்ளை அடிச்சனீங்கள்?"

"அழகா இருக்கட்டும்னு, மேடம்."

"ஓம், வடிவாத்தான் கிடக்கு," என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

பைலை நீட்டினேன். வாங்கிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார். "பேப்பரை நான் கொழும்பிலயே பாப்பன். சாமானைக் காட்டுங்கோ."

மாமியா நடுக்கூடத்தில் கண்ணாடி மாதிரி நின்றது. அம்மையார் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு யாரும் எதிர்பாராத மாதிரி தரையில் ஒரு அட்டையைப் போட்டுப் படுத்து, டோர்ச்சோடு காருக்கு அடியில் போனார். கொஞ்ச நேரம் சப்பாத்து மட்டும் தெரிந்தது. அங்கிருந்தே குரல் வந்தது.

"தம்பி, இந்தச் சைலன்சர் எங்க செய்தது?"

"திகனயில, மேடம்."

"அப்பிடி எங்க எழுதிக் கிடக்கு?"

அவர் வெளியே வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தார். சட்டம் கறுப்பாக மின்னியது. பெட்டரியைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார்.

"எல்லாம் பெட்டிக்குள்ள இருந்து இப்ப எடுத்த மாதிரிக் கிடக்கு."

கூட வந்த அதிகாரி முகாமையாளரிடம் சிங்களத்தில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. முந்தைய நாள் பார்த்த வேறொரு தொழிற்சாலையிலும் பில் இருந்ததாம், எல்லாம் இலக்கம் போட்ட பில்லாம், சாமானெல்லாம் கப்பலில் வந்ததாம். முகாமையாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

இங்கே செய்த பாகத்தைத் தேடித்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். அதை மறைத்து வைத்தது நான். மூன்று மொழியில் தலைப்பு எழுதிய எனக்கு இது உறைக்கவில்லை. பேப்பர் என்பது படித்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரிவது துரைக்கு என்று எனக்குள் இரண்டாகப் பிரிந்திருந்தது.

"மேடம்," என்றேன். "பேரு இருந்திச்சு. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"கோணலா இருந்திச்சு. நீங்க பாத்தா மட்டமா நெனைப்பீங்கன்னு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நான் வடிவு பாக்க வரேல்ல, தம்பி. எனக்கு இது இங்கதான் செய்ததெண்டு தெரிய வேணும். தெரியாட்டி நான் எப்பிடி எழுதுறது?"

அப்போதுதான் அக்கா முன்னால் வந்தார்.

"மேடம், கழட்டிக் காட்டவா?"

"எதை?"

"காரத்தான். மொத்தமா கழட்டி வச்சிருவோம். எது கப்பல்ல வந்திச்சு, எது இங்க செஞ்சதுன்னு நீங்களே பாருங்க."

"அதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

லைன் அண்ணன் சொன்னார், "நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, மேடம்."

அம்மையார் டீ குடிக்கப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். நான் வெளியே ஓடி நாநாவுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தை அரைகுறையாகச் சொன்னதும் அவர் கத்திய சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது வேலை நடந்துகொண்டிருந்தது. எத்தனையோ முறை பார்த்த வேலைதான். ஆனால் அன்றைக்கு நானே மலைத்துப்போனேன். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் கை நீட்டினால் அவருக்கு வேண்டிய ஸ்பானர் அங்கே இருந்தது. கதவு, சீட்டு, சக்கரம் என்று ஒவ்வொன்றாக வந்தன. அண்ணன் தரையில் இரண்டு தார்ப்பாய்ப் படங்குகளை விரித்தார். இடப்பக்கத்துப் படங்கில் கப்பலில் வந்தது, வலப்பக்கத்தில் நம் ஊரில் செய்தது. ஒரு சின்ன வாஷரைக்கூட யோசிக்காமல் அந்தந்தப் பக்கம் வைத்தார்கள்.

இளைய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இவ்வளவு வேகமாகக் கழற்ற எங்கே பழகினீர்கள்?"

முகாமையாளர் உண்மையைச் சொன்னார். பெட்டி வராத மாதங்களையும், ஒரு நாள் பூட்டி மறுநாள் கழற்றியதையும். அம்மையார் கையில் இருந்த டோர்ச்சை அணைத்தார்.

விரிப்பைத் திருப்பியதும் அதைச் செய்த பக்கத்து ஊர்க் குண்டசாலைப் பட்டறையின் பேர் வந்தது. பெட்டரியின் ஸ்டிக்கரை நான் உரித்திருந்தாலும் பிளாஸ்டிக்கில் பதித்த எழுத்து போகவில்லை. வயர்க் கட்டுகளை அக்கா தானே பிரித்துக் காட்டினார். கட்டின் கடைசியில் அவர் எப்போதும் போடுகிற இரட்டை முடிச்சு இருந்தது. "இத வேற யாரும் போட மாட்டாங்க, மேடம். கொழுந்துக் கூடையோட கயித்துல போடுற முடிச்சு." எஞ்சியது சைலன்சரும் சீட்டுச் சட்டமும்.

நாநா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் சாக்கில் சுற்றி ஏதோ கட்டியிருந்தார். உள்ளே வந்ததும் அம்மையாருக்குச் சலாம்கூடச் சொல்லாமல் நேராகச் சைலன்சரிடம் போனார்.

"எங்கட பேரு எங்க? இதுல ஈந்திச்சே!"

"நாநா, நான்தான்…" என்றேன்.

"மகன், நீங்களா? படிச்ச மனிசன் செய்யிற வேலையா இது? எங்கட பேர அழிச்சிட்டு, எங்கட பேரச் சொல்லியே சலுக கேக்குறீங்களா? வேற யாரும் செஞ்சிருந்தா நான் கைய ஒடச்சிருப்பேன்!"

"இப்ப உடைக்க வேண்டாம்," என்றார் அம்மையார். "உங்கட சாமான்தானெண்டு எப்பிடிக் காட்டுவீங்கள்?"

நாநா சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒரு இரும்புச் சட்டம், தடித்த குழாய்த் துண்டுகளை ஒட்டவைத்துச் செய்த அச்சு. பட்டறையில் சைலன்சரை அதற்குள் வைத்துத்தான் வளைப்பார்கள், ஒட்டுவார்கள். தரையில் அதை வைத்து, மாமியாவின் சைலன்சரைத் தூக்கி அதற்குள் இறக்கினார். ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. எந்தப் பக்கமும் இடைவெளி இல்லை. பிறகு வெல்டிங் கோட்டைக் காட்டினார். "இந்த மூலையில கை திரும்பாது, மேடம். அதனால எப்பயும் உருகுன இரும்பு ஒரு மொட்டா விழும். என்ட பட்டறையில செஞ்ச எல்லாத்துலயும் இந்த மொட்டு ஈக்கி. கப்பல்ல வார சாமான்ல மெஷின் ஒட்டுறது, மொட்டு விழாது."

அம்மையார் குனிந்து அந்த மொட்டை விரலால் தடவிப் பார்த்தார். சீட்டுச் சட்டத்திலும் தேடினார், அங்கேயும் இருந்தது. வலப்பக்கப் படங்கில் இருந்ததை ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார்.

போகும்போது அவர் முடிவு எதுவும் சொல்லவில்லை. "றிப்போட் எழுதி அனுப்புவம்" என்றார் முகாமையாளரிடம். என் பக்கம் திரும்பி, "அந்தப் பேரைத் திருப்பி எழுதுங்கோ, தம்பி. கோணலாவே எழுதுங்கோ" என்றுவிட்டு வாகனத்தில் ஏறினார்.

பிறகு வந்த வாரங்கள் இழுத்துக்கொண்டே போயின. அண்ணன் ஒரு நாள் முகாமையாளர் அறைக் கதவின் முன்னால் நாலு முறை நடந்தார், தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி. தண்ணீர்க் குழாய் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைப் பாதி சொல்லியிருந்தேன்.

"அரிசி வெல இப்புடி இருக்கையில காரு கம்பெனிக்குச் சலுகையா? யாருடா காரு வாங்கப் போறா?"

அது நியாயமான கேள்வி. எனக்குள்ளும் இருந்தது. எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், அரசாங்கம் எங்கள் கார்ப் பெட்டிக்கு டொலர் தர வேண்டும் என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. நாநாவின் பட்டறையில் எத்தனை பேர், எங்கள் வயர் மேசையில் எத்தனை பெண்கள் என்று அம்மாவிடம் விரல் விட்டுச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப குடுக்கட்டும். குடுத்தத மறக்காம வேலையச் செய்யுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு பதிலை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு காலையில் முகாமையாளர் கையில் போனோடு கூடத்துக்கு இறங்கி வந்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். யாரும் கை தட்டவில்லை. அண்ணன் பக்கத்தில் இருந்த வெற்றுப் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்தார். அக்கா குழாயடிக்குப் போய் நீண்ட நேரம் முகம் கழுவினார். நான் நாநாவுக்குப் போன் எடுத்தேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், அதே மூச்சில், "என்ட பேர எழுதிட்டீங்களா?" என்றார்.

நாங்கள் கேட்டதையெல்லாம் அவர்கள் தரவில்லை. வரியில் விட்டுக்கொடுத்ததும் கொஞ்ச காலத்துக்குத்தான். ஆனாலும் கேட் மூடவில்லை. நெருக்கடியில் நின்றுபோன வெளிநாட்டு வாகனங்கள் இப்போது திரும்பவும் வருகின்றன, போட்டி இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம்.

முதல் கொள்கலன் வந்த அன்று எல்லோரும் தேடியது ஒரே ஒரு பெட்டியைத்தான். மாமியாவின் கணினிப் பெட்டி. காரைக் கடைசி முறையாகப் பூட்டினார்கள். அதற்கு முன்பே நாநாவின் தகர அச்சை வாங்கிச் சைலன்சரிலும் சீட்டுச் சட்டத்திலும் நானே பேரை அடித்திருந்தேன். நேராக அடிக்க எவ்வளவோ பார்த்தேன். கோணலாகத்தான் வந்தது.

சாவியைத் திருப்பினார் அண்ணன். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை மாமியா வாயைத் திறந்தது.

"பேசிருச்சுடா!" என்று அண்ணன் கத்தினார். எல்லோரும் சிரித்தோம். சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

எஞ்சினை அணைத்த பிறகு என் வேலை தொடங்கியது. புதிய மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு போல்ட்டாக அளந்தேன், ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்தேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வையி தம்பி. இனிமே நான் கழட்ட மாட்டேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தனை மாதமும் ஒரே கார்தான் என்பதையும்.

"தெரியும்டா," என்றார் அம்மா. "பஸ்ஸுல வர்றவங்க சொன்னாங்க, ஒங்க கேட்டுலருந்து ஒரு காருகூட வெளிய வரலன்னு."

"அப்புறம் ஏம்மா தெனமும் கேட்டீங்க?"

"நீ 'இருக்கும்மா'ன்னு சொல்லுவேல்ல. அதக் கேக்கத்தான்." என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்னடா வெரலெல்லாம் மஞ்சளு? யாரு வீட்டுல கல்யாணம்?"

"கார் வீட்டுலம்மா."

"கழுவிட்டு வா," என்றார். "சாப்பிட்டியா?"